மலைநாட்டில் கைக்கடிகாரம்



மூணாற்றை அடுத்த நல்லதண்ணித் தோட்டத்தில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அங்கே கருங்கல் ஒன்றின் மேல் ஒரு சூரியக் கடிகாரம் வைக்கப்பட்டுள்ளது. அதனை 1913ஆம் ஆண்டில் செய்தளித்தது தென்பாண்டிச் சீமையிலுள்ள நாசரேத்துக் கலைத்தொழிற் பள்ளி. தேரிக்காட்டுச் செம்மண் நிலத்தில் உருவான ஒரு கருவி, மேகம் தவழும் இம்மலைக்கு நேரம் காட்ட வந்தது. அதைச் செய்த கைகளும் தமிழர் கைகள். அதன் அருகே தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளிலும் மிகப் பல தமிழர் கைகளே. ஆயினும் அக்காலத்தில் அந்த நேரம் யாருக்கு உரியதாக இருந்தது? இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பதிலும், சேர்த்தவற்றை மாற்றி மாற்றி அணிவதிலும் எனக்குப் பெருவிருப்பம் உண்டு. இதனை வெறும் ஆடம்பரம் என்று எண்ணுவோர் உளர். ஆனால், ஒரு சிறு கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது, நம்மவர் வாழ்க்கையின் ஒரு பகுதி அதனுள் அடங்கிக் கிடப்பதை உணர்கிறேன். அந்த வரலாற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஞாயிற்றின் கணக்கைப் பார்ப்போம். இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. நாம் வாழும் சித்திரபுரமோ ஏறத்தாழ 77 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாகக் கணக்கிட்டால், நம் மலையின் ஞாயிற்று நேரம் பொது நேரத்துக்குச் சுமார் 22 நிமிடம் பின்தங்கியிருக்கும். இவ்வேறுபாடும் ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இராது. பிப்ரவரி நடுவில் ஞாயிறு இங்கே உச்சிக்கு வரும்போது கைக்கடிகாரத்தில் மணி 12.36 ஆகியிருக்கும், நவம்பர் தொடக்கத்தில் அது 12.06 ஆகவே இருக்கும். நிழலைக் கொண்டு காலம் கணித்த நம் முன்னோருக்கு இதனால் இடர்ப்பாடு ஏதும் இல்லை. ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை நம் கணக்கில் 24 நிமிடமாகவும் கொண்டு அவர்கள் வாழ்ந்தனர். அவரவர் ஊரின் உச்சிப் பொழுது அவரவருக்கு உச்சிப் பொழுதாக இருந்தது.

இரயில் வந்த பிறகு அந்நிலை மாறியது. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் வண்டிகளை எவ்வாறு ஓட்டுவது? மதராஸ் வானாய்வுக்கூடத்தின் நேரத்தையே நாட்டின் இரயில் பாதைகள் நெடுங்காலம் பின்பற்றின. அக்கூடத்தின் 1792ஆம் ஆண்டுக் கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்துக்களும் பொறிக்கப்பட்டுள்ளன. 1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. எனினும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்திருந்தன. ஒரு நகரம் தன் நேரத்தை விட்டுக்கொடுக்க எவ்வளவு தயங்குகிறது என்பதை இதனால் அறியலாம்.

நகரங்களுக்கு அத்தகைய பிடிவாதம் கொள்ளும் உரிமை இருந்தது. மலைத்தோட்டத்தில் உழைத்தவருக்கு அது இல்லை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1880இல் ஏ. எச். ஷார்ப் என்பவர் பார்வதித் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் காடு திருத்தவும், பாதை வெட்டவும், கொழுந்து எடுக்கவும் மதுரைச் சீமையிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நம் மக்கள் போடி வழியாக மலையேறினர். 1924ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழையின் வெள்ளம், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயில் பாதையை அழித்தது. இருந்த பாதை போயிற்று. மக்கள் இருந்த இடத்திலேயே ஊன்றி நின்றனர்.

பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940இல் இயங்கத் தொடங்கியது. இன்றைய கேரள நாட்டின் முதல் நீர்மின் திட்டம் அதுவே. அத்திட்டத்தை ஒட்டி வளர்ந்த சித்திரபுரம், திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரை நினைவூட்டி நிற்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு நின்றது. ஆகவே இங்குள்ள தமிழருள் பலர், தாம் இருந்த இடத்திலிருந்து ஓர் அடியும் நகராமலே வேற்று மாநிலத்துத் தமிழர் ஆயினர். பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்கள் நெடுந்தொலைவு சென்று அடைந்த நிலையை, இவர்கள் நின்ற இடத்திலேயே அடைந்தனர் எனலாம்.

இத்தகைய தோட்டத்தில் நேரம் என்பது காதால் கேட்கப்படுவது. கண்ணால் பார்க்கப்படுவது அன்று. விடியுமுன் ஒலிக்கும் மணியோசையோ சங்கொலியோ லயத்து வீடுகளை எழுப்பும். பெரட்டில் பெயர் கொடுக்க வேண்டும். கொழுந்தை நிறுக்க வேண்டும். பின்னர் வீடு திரும்ப வேண்டும். இவை அனைத்தும் பிறர் வைத்த ஒலியின்படி நடந்தன. அந்த ஒலி முன்னதாக எழுந்ததா, பின்னதாக எழுந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிலாளியிடம் எதுவும் இல்லை. கடிகாரம் துரையின் சட்டைப் பையிலும், அலுவலகச் சுவரிலும் இருந்தது. ஒருவனுடைய உழைப்பை அளக்கும் கருவி மற்றொருவன் கையில் மட்டும் இருப்பது சிறு செய்தியா?

இனிக் கைக்கடிகாரத்தின் பிறப்பைப் பார்ப்போம். கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டும் வழக்கம் ஐரோப்பாவில் பெண்களின் அணிகலனாகவே தொடங்கியது. நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூராவுக்காகப் பிரெகே என்னும் புகழ்பெற்ற கைவினைஞர் 1810ஆம் ஆண்டையொட்டி அத்தகைய ஒன்றைச் செய்யத் தொடங்கினார். ஆடவர் பைக்கடிகாரத்தையே பெரிதும் விரும்பினர். 1904இல் விமானம் ஓட்டிய சாந்தோஸ் துமோன் என்பவருக்காகக் கார்ட்டியே நிறுவனம் கைக்கடிகாரம் ஒன்றை வடிவமைத்தது. இரு கைகளாலும் விமானத்தைச் செலுத்துபவன் பைக்குள் கைவிட்டு மணி பார்க்க இயலுமா? அதே தேவை 1914இல் தொடங்கிய முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் நின்ற படைவீரருக்கும் ஏற்பட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அவ்வழக்கத்தை விடவில்லை. இவ்வாறு, இரு கையும் வேலையில் இருப்பவனுக்கு ஏற்ற கருவியாகக் கைக்கடிகாரம் நிலைபெற்றது. இரு கையாலும் கொழுந்து கிள்ளுவோரைவிட அக்கருவிக்கு உரியவர் வேறு யார்?

ஆயினும் அது அவர்கள் கைக்கு வர நெடுநாள் ஆயிற்று. 1737இல் சுவிட்சர்லாந்தில் தோன்றிய ஃபேவர் லூபா நிறுவனம் 1865ஆம் ஆண்டிலேயே பம்பாயில் வணிகம் தொடங்கியது. வெஸ்ட் எண்ட் நிறுவனம் 'சோவார்' என்னும் பெயரில் கடிகாரங்களை விற்றது. அச்சொல் குதிரை வீரனைக் குறிக்கும். மதராஸ் மவுண்ட் ரோடில் பி. ஆர் அண்டு சன்ஸ் கடை பெரும்பெயர் பெற்று விளங்கியது. இவற்றை வாங்கியோர் அதிகாரிகளும், வக்கீல்களும், செல்வரும், படைத்துறையினருமே ஆவர். சாதாரணக் குடும்பத்தில் ஒரு கடிகாரம் இருந்தால், அது திருமணத்தில் மாப்பிள்ளைக்கு அணிவித்ததாக இருக்கும். அல்லது கடல் கடந்து சென்ற உறவினர் கொண்டு வந்ததாக இருக்கும். விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றின் விளைவாகக் கள்ளக் கடத்தலும் பெருகிற்று.

இந்நிலையை மாற்றியது ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை. 1953இல் தோன்றிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், சுருக்கமாக எச்.எம்.டி., ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகார ஆலையைத் தொடங்கியது. அங்கே உருவான முதல் கடிகாரங்களைப் பிரதமர் நேரு வெளியிட்டார். பொதுமக்கள் என்னும் பொருள் தரும் 'ஜனதா' என்ற பெயர் கொண்ட கடிகாரம் நாடெங்கும் பரவியது. பெண்களுக்கென 'சுஜாதா' வந்தது. பிற்காலத்தில் 'பைலட்', 'ஜவான்', 'கோஹினூர்', 'சோனா', 'காஞ்சன்' எனப் பல பெயர்கள் தோன்றின. பார்வையற்றோர் தடவி மணி அறியும் கடிகாரமும் அங்கே செய்யப்பட்டது. தேவநாகரி எண்கள் பொறித்த முகப்புடைய ஜனதாவும் உண்டு. அது இன்று சேகரிப்போர் விரும்பித் தேடும் பொருளாகும்.

ஜனதாவின் உள்ளமைப்பு எளிமையும் அழகும் ஒருங்கே வாய்ந்தது. காலையில் திருகைச் சுழற்றிச் சாவி கொடுக்கும்போது, உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கேறுகிறது. அது ஏறத்தாழ ஒன்றரை நாள் மெல்ல மெல்லத் தளர்ந்து பற்சக்கரங்களை இயக்குகிறது. அவ்விசை ஒரேயடியாகப் பாய்ந்து தீர்ந்துவிடாதவாறு, இருபுறமும் மாறி மாறிச் சுழலும் ஒரு சிறு சக்கரம் அதனைத் தடுத்துத் தடுத்து விடுகிறது. இதுவே நாம் கேட்கும் 'டிக் டிக்' ஒலி. ஒரு வினாடிக்கு 5 துடிப்பு. ஒரு மணிக்கு 18,000. ஒரு நாளுக்கு 4,32,000. உராய்வு மிகும் இடங்களில் 17 செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. 'பதினேழு கல் கடிகாரம்' என்று நம் பெரியோர் பெருமையோடு சொன்னது இதனைத்தான். நாளொன்றுக்கு அரை நிமிடம் பிழை நேர்ந்தாலும், அது பத்தாயிரத்தில் மூன்றரைப் பங்கே ஆகும். மின்விசை இல்லை, மின்கலம் இல்லை. விரல் கொடுத்த விசை ஒன்றே அதற்கு உணவு.

என் தந்தையார் சித்திரபுரத்தை அடுத்த ஒரு தேயிலை ஆலையில் பணியாற்றியவர். தேயிலை செய்வது காலத்தோடு பொருதும் தொழில். பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் வாட்ட வேண்டும். பின்னர் உருட்ட வேண்டும். உருட்டிய இலையைக் காற்றுப்படப் பரப்பிப் புளிக்கவிட வேண்டும். புளிப்பு சற்று மிகுந்தாலும் குறைந்தாலும் நிறமும் சுவையும் கெடும். அதன்பின்னரே அனல் காட்டி உலர்த்துவர். இவற்றையெல்லாம் மூக்கால் மணந்தும், விரலால் தொட்டும், மணி பார்த்தும் நடத்துவர். என் தந்தையார் சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய ஒரு ஜனதா அவர் இடக்கையில் இருந்தது. ஆலைச் சங்கு ஊதும்போது அவர் தம் மணிக்கட்டைப் பார்ப்பார். "இன்று இரண்டு நிமிடம் முந்திவிட்டது" என்று புன்னகையோடு சொல்வார். அச்சொல்லின் பொருள் சிறுவனாகிய எனக்கு அன்று விளங்கவில்லை. சங்கு சொல்வதை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கருவி தம்மிடமும் உண்டு என்னும் நிமிர்வே அப்புன்னகை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

காலம் மீண்டும் மாறியது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானியச் சைகோ நிறுவனம் 'அஸ்ட்ரான்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாவி கொடுக்க வேண்டுவதில்லை; பிழையும் மிகச் சிறிது. இந்தியாவில் அம்மாற்றத்தை முன்னின்று நடத்திய பெருமை தமிழ்நாட்டு மண்ணுக்கும் உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூடி 1984இல் டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. அதன் ஆலை ஓசூரில் எழுந்தது. செர்க்சஸ் தேசாய் அதனை முன்னின்று வளர்த்தார். 2002இல் அந்நிறுவனம் 3.5 மில்லிமீட்டர் கனமே உடைய 'எட்ஜ்' கடிகாரத்தை வெளியிட்டது. அதன் இயங்குபொறியின் கனம் 1.15 மில்லிமீட்டர். ஒரு காலத்தில் பம்பாயில் கடை விரித்த ஃபேவர் லூபாவையே 2011இல் டைட்டன் விலைக்கு வாங்கிச் சில ஆண்டுகள் தன்னிடம் வைத்திருந்தது. வாங்குவோராக மட்டும் இருந்த நாம் செய்வோராக உயர்ந்தோம்.

எச்.எம்.டி.யோ இப்போட்டியில் தளர்ந்தது. பெங்களூர், ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் எனப் பல இடங்களில் பரவியிருந்த அதன் கைக்கடிகாரத் தொழில் நட்டத்தில் ஆழ்ந்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதென 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நடுவண் அமைச்சரவை முடிவு செய்தது. மூடப்படும் என்ற செய்தி 2014இல் பரவியபோதே, அதுவரை மேசை இழுப்பறையில் கவனிப்பாரற்றுக் கிடந்த ஜனதாவும் பைலட்டும் திடீரென விரும்பித் தேடப்படலாயின. இருக்கும்போது அருமை தெரியாமை மனித இயல்பு அன்றோ!

விருப்பம் மிகுந்த இடத்தில் வஞ்சகமும் புகுவது இயற்கை. இன்று சந்தையில் 'பழைய கடிகாரம்' என்று விற்கப்படுவனவற்றுள் பல, பழைய உறுப்புகள் மேல் புதிதாக வண்ணம் தீட்டிய முகப்பைப் பொருத்தியவை. நீலம், சிவப்பு, பச்சை எனப் பளபளக்கும் முகப்பைக் கண்டு புதியவர் மயங்குவர். எழுத்துக்களின் விளிம்பு தடித்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் ஒழுங்காக உள்ளனவா, முட்கள் அவ்வகைக் கடிகாரத்துக்கு உரியவைதாமா, பின்மூடியில் பொறித்த எண் தேய்ந்து மறைந்துள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தல் வேண்டும். இயன்றால் பின்மூடியைத் திறக்கச் செய்து, உள்ளேயுள்ள பொறியையும் காண வேண்டும். அவசரப்படாதவனே நல்ல சேகரிப்பாளன் ஆவான்.

சேகரித்ததைப் பெட்டியில் பூட்டி வைத்தலும் தகாது. நெடுநாள் ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் இறுகும். இறுகிய எண்ணெயோடு ஓடினால் சக்கர அச்சுகள் தேயும். எனவே நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பொறியைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட வேண்டும். நம் மலையில் மழைக்காலத்தின் ஈரம் பெரும்பகை. மழையில் நனையும் நாளில் பழைய கடிகாரத்தை அணியலாகாது. நாள் காட்டும் கடிகாரமாயின் இரவு 9 மணிக்கும் விடியல் 3 மணிக்கும் இடையே நாளை மாற்றுதல் கூடாது. அவ்வேளையில் நாட்சக்கரத்தோடு பிற பற்கள் கோத்துக்கொண்டிருக்கும். இவற்றைக் காத்து அணிந்தால், அறுபது ஆண்டுக்கு முற்பட்ட பொறியும் இன்று துடிக்கும். ஞாயிறுதோறும் நான் ஏழு கடிகாரங்களை எடுத்து வைத்து, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றெனத் தேர்ந்துகொள்கிறேன். காலையில் சாவி கொடுக்கும் அந்த அரை நிமிடம், நாளை நானே தொடங்கி வைக்கிறேன் என்னும் மகிழ்ச்சியைத் தருகிறது.

ஆனால் அவற்றைப் பழுது பார்க்கும் கைகள் குறைந்து வருகின்றன. கண்ணிடுக்கில் கண்ணாடியைச் செருகி, மூச்சடக்கி, மயிரிழை போன்ற வில்லை நிமிர்த்தும் அக்கலையை இளைஞர் கற்பது அரிதாகிவிட்டது. கைப்பேசி மணி காட்டும் இக்காலத்தில் அவர்கள் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகின்றன. உங்கள் நகரத்தின் ஏதோ ஒரு தெருமுனையில் அத்தகைய முதியவர் ஒருவர் இன்னும் அமர்ந்திருக்கக் கூடும். உங்கள் வீட்டுப் பெட்டியில் உறங்கும் கடிகாரத்தை அவரிடம் கொண்டு செல்லுங்கள். காலம் தாழ்த்த வேண்டா.

என் தந்தையார் மறைந்தபின் அவருடைய ஜனதா என்னிடம் வந்தது. அது நின்றுபோயிருந்தது. முகப்பில், எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே, தேயிலைச் சாற்றின் நிறத்தில் ஒரு கறை படர்ந்திருந்தது. வாட்டறையின் ஈரமோ, மழையின் நீரோ, நான் அறியேன். பழுது பார்த்த பெரியவர் அதனைத் துடைத்து ஓடச் செய்துவிட்டு, "தம்பி, முகப்பைப் புதிதாக எழுதித் தரவா? புத்தம் புதிதாகிவிடும்" என்று அன்போடு கேட்டார். நான் சற்றே தயங்கினேன். பளபளக்கும் முகப்பு கண்ணுக்கு இனிமைதான். எனினும் அக்கறையை அழித்தால் அவர் நின்று உழைத்த ஆலையையும் அல்லவா அழித்தவன் ஆவேன்! "வேண்டா ஐயா, இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அக்கடிகாரம் இப்போதும் நாளுக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது. ஒவ்வொரு காலையும் அதனைத் திருத்தி, சாவி கொடுத்து, கட்டிக்கொள்கிறேன். மலைச்சரிவில் எங்கோ சங்கு ஊதும்போது, என்னையறியாமலே என் கண் மணிக்கட்டுக்குச் செல்கிறது.